கோபி மஞ்சூரி தின்னாத காசு

பெங்களூரில் இரும்பை இரும்போடு ஒட்டத் தெரிந்தவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். ஒரு மனிதனுடைய வாயையே வெல்டிங் வைத்து மூடியவர் ஒருவர்தான். அந்த வாய் என்னுடையது. ஆகவே நான் சொல்வதை நீங்கள் தாராளமாக நம்பலாம்.

அவருக்கு வீட்டில் வைத்த பேர் என்னவென்று எங்கள் அடுகோடி ஏரியாவில் ஒருவருக்கும் தெரியாது. போஸ்ட்மேன் முதல் பால்காரர் வரை எல்லோருக்கும் அவர் 'வெல்டர்'. அந்தத் தெருவில் இன்னும் நாலு வெல்டர்கள் இருந்தார்கள். அவர்களைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை என் சின்ன மகள் பர்கர் கேட்டாள். "ஸ்கூல் டூருக்குக் காசு சேர்க்கிறேன்னு சொன்னியேம்மா" என்றேன். "அது நாளையிலேர்ந்துப்பா" என்றாள். இந்த 'நாளையிலேர்ந்து' எனக்கு நன்றாகத் தெரிந்த வார்த்தை. ஒரு காலத்தில் நான் அதைத் தினமும் சாயங்காலம் ஐந்தரை மணிக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது எனக்கு நடந்த அக்கிரமத்தைப் பிள்ளைகளாகிய உங்களிடம் சொல்கிறேன். நியாயம் யார் பக்கம் என்று நீங்களே சொல்லுங்கள். நான் எட்டாவதுதான் படித்தவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூற்று எட்டு வாக்கில் அடுகோடியில் ஒரு கேட், கிரில் பட்டறையில் வேலை பார்த்தேன். இரும்பை அளந்து அறுத்துக் கொடுப்பது நான், ஒட்டுவது வெல்டர். பட்டறைக்குப் பின்னால் ஒரு தகர ரூமில் இரண்டு பேரும் தங்கியிருந்தோம். எனக்குக் கல்யாணமாகி, குழந்தையும் பிறந்திருந்தது. மனைவியும் குழந்தையும் குடியாத்தத்தில் மாமனார் வீட்டில். இங்கே வீடு பிடித்தால்தானே கூட்டி வர முடியும்? பெங்களூரில் வீடு பிடிப்பதென்றால் பத்து மாத வாடகையை மொத்தமாக அட்வான்ஸ் வைக்க வேண்டும். எனக்கோ ஒரு வார வாடகையைக்கூட முழுசாகக் கையில் பார்த்த ஞாபகமில்லை.

காரணம், தெருமுனையில் நின்ற கோபி மஞ்சூரி வண்டி. காலிஃபிளவரை மாவில் தோய்த்துப் பொரித்து, பூண்டும் சாஸும் போட்டுப் பெரிய சட்டியில் புரட்டும்போது ஒரு புகை வரும் பாருங்கள். அந்தப் புகை பட்டறைக்குள் வந்து என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். நான் போனேன் என்று சொல்வதே தப்பு.

ஒருநாள் ஊரிலிருந்து கடிதம் வந்தது. 'பாப்பாவுக்கு இரண்டு பல் முளைத்துவிட்டது. எப்போது கூட்டிப்போவீர்கள்?' என்று என் மனைவி எழுதியிருந்தாள். வண்டிக்குப் பக்கத்தில் நின்று படித்துவிட்டு அழுதேன். வெல்டர் வந்து பார்த்தார்.

"இன்னாடா சேகரு, ஒரு கைல லெட்டரு, ஒரு கைல கோபி. எந்தக் கைக்காக அழுவற?"

நியாயமான கேள்விதான். ஆனால் அழுகிற ஆளிடம் கேட்கிற கேள்வியா அது?

மறுநாள் சாயங்காலம் ரூமுக்குப் போனால் ஒரு பெட்டி இருந்தது. ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பங்களா கேட்டுக்கு வெட்டியது போக மிஞ்சிய ஆறு எம்எம் தகடு. ஆறு பக்கமும் சுத்தமாக வெல்டிங். மேலே நோட்டு நுழைகிற அளவுக்கு ஒரு கீறல். கதவும் கிடையாது, பூட்டும் கிடையாது.

"பூட்டு எங்கண்ணா?"

"பூட்டுன்னா சாவி இருக்கும். சாவின்னா நீ இருப்ப."

சரி, அப்படியே தூக்கிக் கொண்டுபோய் வேறு பட்டறையில் உடைக்கலாம் என்று மனசுக்குள் நினைத்தேன். நினைக்கத்தான் செய்தேன். பெட்டியை இரும்புக் கட்டில் காலோடு சேர்த்தும் ஒட்டியிருந்தார். என் கட்டில் காலோடு.

அன்றிலிருந்து என் மானம் போயிற்று. சனிக்கிழமை கூலி வாங்கியதும் அவர் பக்கத்தில் வந்து நிற்பார். சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் போக மீதி கீறலுக்குள் போய்விடும். அதோடு விட்டாரா? தினமும் சாயங்காலம் டிராஃபிக் போலீஸ் குடிகாரனை நிறுத்துவது போலப் பட்டறை வாசலில் என்னை நிறுத்துவார்.

"ஊது."

"அண்ணா, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். ஊது."

நான் ஊதுவேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு வைத்தியர் மாதிரி யோசிப்பார். "பூண்டு இருக்கு. சாஸ் இருக்கு. அரை பிளேட்டு" என்பார். பிளேட்டின் அளவுகூடத் தப்பாது. உடனே அதே அளவு காசைப் பெட்டியில் போட வேண்டும். அதாவது, தின்றால் இரண்டு மடங்கு செலவு. எந்த ஊர்ச் சட்டத்தில் இது இருக்கிறது?

சோம்பு மென்று பார்த்தேன். கிராம்பு கடித்துப் பார்த்தேன். வேப்பங்குச்சியில் பல்கூட விளக்கினேன். அவர் என் கையைப் பிடித்து விரலைப் பார்த்தார். நகத்துக்குள் சிவப்பு. "வாய் பொய் சொல்லும், நகம் சொல்லாதுடா" என்றார். பட்டறை முழுக்கச் சிரிப்பு. மதிய சாப்பாட்டில் பீட்ரூட் பொரியல் இருந்த அன்றைக்கும் இதே தண்டனை. செய்யாத குற்றத்துக்குக் காசு கட்டியவன் நான்.

பிறகு வண்டிக்காரர் சீனப்பாவையும் கெடுத்தார். நான் போய் நின்றாலே அவர் கையை விரிப்பார். "பேடப்பா, வேணாம். வெல்டர் திட்டுவாரு" என்பார். காசு கொடுக்கிறவனுக்கு வியாபாரி சாமான் தர மறுப்பதை உலகத்தில் வேறு எங்காவது பார்த்திருக்கிறீர்களா?

ஆத்திரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி ஸ்ரீராம்புரத்துக்கே போய்விட்டேன். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். அங்கே என்னை யாருக்கும் தெரியாது. நெரிசலான ஒரு சந்தில் ஒரு கோபி வண்டி கண்ணில் பட்டது. அரசனைப் போல நின்று, "ஒரு ஃபுல் பிளேட்டு. காரம் ஜாஸ்தி" என்றேன்.

வண்டிக்காரர் கரண்டியை வைத்துவிட்டு என் முகத்தைக் கூர்ந்து பார்த்தார். என் புருவத்தில் பட்டறையில் பட்ட ஒரு வெட்டுத் தழும்பு உண்டு.

"அடுகோடி சேகரு நீதானப்பா?"

நான் புருவத்தைக் கையால் மறைத்துக்கொண்டேன்.

"புருவத்துல வெட்டு இருக்கும், ஃபுல் பிளேட்டு கேப்பான், காரம் ஜாஸ்தி கேப்பான், குடுக்காதன்னு வெல்டர் சொல்லிட்டுப் போயிருக்காரு. அவரு பேச்சை என்னால தட்ட முடியாது. இந்த வண்டிக்குக் காலு போட்டதே அவருதான்."

அன்றைக்குத்தான் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் வெல்டர் தள்ளுவண்டி ரிப்பேர் வேலைக்குப் போவார். பெங்களூரில் பாதி வண்டிகள் அவர் போட்ட கால்களில்தான் நின்றன. மீதிப் பாதி அவர் போடப்போகிற கால்களுக்காகக் காத்திருந்தன. நான் எங்கே போய்த் தின்பது? மைசூருக்கா?

இப்படியே ஒன்பது மாதம். இதற்குள் அதே தெருவில் ஒரு வீடு காலியானது. ஒரு ரூம், ஒரு சமையல்கட்டு, தண்ணீர்க் குழாய் வாசலிலேயே. வீட்டுக்கார ரத்னம்மா கண்டிப்பானவர். "முதல் தேதி சாயங்காலம் ஆறு மணிக்குள்ள அட்வான்ஸ் வரணும். இல்லாட்டி இன்னொரு பார்ட்டிக்குக் குடுத்துடுவேன்" என்றார். மாமனாரும் என் மனைவியையும் குழந்தையையும் முதல் வாரம் கொண்டுவந்து விடுவதாக எழுதியிருந்தார். வீடு தப்பினால் இன்னும் ஒரு வருஷம். பாப்பா ஓடியாடி, பேசி, என்னை மாமா என்று கூப்பிடுவாள்.

முதல் தேதி மதியம் வெல்டர் கேஸ் கட்டரைப் பற்ற வைத்துக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நெருப்பைத் தகட்டுக்குக் கொண்டுபோனவர் அப்படியே நிறுத்திவிட்டார்.

"சேகரு. உள்ள நோட்டு இருக்குல்ல?"

"ஆமாண்ணா."

"நோட்டு பேப்பர்ல."

ஒன்பது மாதம், பிள்ளைகளே. உள்ளே இருப்பது காகிதம் என்பதும், வெளியே திறக்கப்போவது நெருப்பு என்பதும் ஒன்பது மாதத்தில் எங்கள் இரண்டு பேர் மூளையிலும் ஏறவில்லை. பட்டறையில் நாங்கள் எதைத் திறந்தாலும் நெருப்பால்தான் திறப்போம்.

ரம்பத்தை எடுத்து அறுத்தேன். நாலு பிளேடு உடைந்தது. தகட்டில் விழுந்தது நகக்கீறல் அளவு. மணி மூன்று. "எதுக்கு இவ்ளோ கெட்டியா வச்சீங்க?" என்று கத்தினேன். "உன் வாய்க்கு இதுவே பத்தாதுன்னு நெனச்சேன்" என்றார். அந்த நேரத்திலும் தன் வெல்டிங்கைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பழைய டீசல் டேங்கைத் தொடுவதற்கு முன், உள்ளே தண்ணீர் நிரப்புவோம். நெருப்புப் பிடிக்காது. வெல்டர் எழுந்துபோய் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து கீறல் வழியாக ஊற்றினார். என் மனைவி, என் குழந்தை, என் கோபி எல்லாவற்றின் மேலும் ஊற்றினார். பிறகு கட்டில் காலை வெட்டிப் பெட்டியைச் சாய்த்து, மேல் ஓரத்தை அறுத்தார். கட்டில் அன்றிலிருந்து நொண்டி.

பெட்டி திறந்தது. ஒரு நோட்டும் கருகவில்லை. எல்லாம் ஊறிப்போன அப்பளம் மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. வெளியே தூறல் வேறு. வெயில் என்ற பேச்சே இல்லை. மணி நாலரை.

"வா" என்றார் வெல்டர். நனைந்த நோட்டுகளைச் சட்டியில் அள்ளிக்கொண்டு தெருமுனைக்கு ஓடினார். சீனப்பா அப்போதுதான் அடுப்பைப் பற்ற வைத்திருந்தார். வண்டியில் ஆம்லெட் போடுகிற அகலமான கல் ஒன்று உண்டு.

"கல்லைக் காய வை. நோட்டு காயப்போடணும்."

"அய்யோ, வியாபார நேரம் வெல்டரே."

"வண்டிக்குக் காலு வேணுமா, வேணாமா?"

கல்லின் மேல் நோட்டுகளைப் பரப்பினோம். சீனப்பா பழக்க தோஷத்தில் கரண்டியால் ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டார். பக்கத்துச் சட்டியில் கோபி புரண்டுகொண்டிருந்தது. அந்தப் புகை முழுக்க நோட்டின் மேல்தான். ஸ்கூட்டரை நிறுத்திய ஒருவர் எட்டிப் பார்த்து, "ஹொஸ ஐட்டமா?" என்று, புது ஐட்டமா என்று, கன்னடத்தில் கேட்டார். பசியோடு அங்கே நின்றேன். ஒரு துண்டு எடுக்கவில்லை. எடுக்கவும் தோன்றவில்லை.

ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ரத்னம்மா வீட்டு வாசலில் நின்றோம். அவர் நோட்டை வாங்கி எண்ணத் தொடங்கினார். பாதியில் நிறுத்தினார். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"ஏனப்பா இது, துட்டெல்லாம் கோபி வாசனே? சம்பாதிச்சதெல்லாம் தின்னே அழிச்சியா? நாளைக்கு வாடகை எப்படிக் குடுப்ப?"

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த வாசற்படியிலேயே உட்கார்ந்து கத்தியிருப்பேன். ஒன்பது மாதம் வாயைக் கட்டியவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா? வாயைத் திறந்தேன். வெல்டர் முந்திக்கொண்டார்.

"இது இவன் கோபி திங்காத காசும்மா. அதான் அந்த வாசனை."

ரத்னம்மா என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். என்ன புரிந்ததோ, சாவியை எடுத்து என் கையில் வைத்தார்.

அந்த வாரமே என் மனைவி வந்தாள். குழந்தை என்னைப் பார்த்து அலறியது. அது வேறு கதை. சாயங்காலம் வாசலில் வெல்டர் நின்றார். கையில் எண்ணெய் கசிகிற ஒரு பொட்டலம்.

நான் ஆசையாகக் கையை நீட்டினேன். அவர் பொட்டலத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"உனக்கில்ல. தங்கச்சிக்கு."

என் மனைவி அதைத் தட்டில் கொட்டி, ஒரு துண்டைப் பல்குச்சியில் குத்தி முதலில் அவரிடமே நீட்டினாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "குச்சியோட கடிக்கணுமா, எடுத்துட்டா?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மூச்சை வைத்தே அரை பிளேட்டா, முழு பிளேட்டா என்று சொன்ன மனிதர், பெங்களூரில் பாதி வண்டிகளுக்குக் கால் போட்ட மனிதர், அதுவரை ஒரு துண்டுகூடத் தின்றதில்லை.

ரொம்ப நேரம் மென்றார். விழுங்கினார்.

"இதுக்காடா அவ்ளோ அழுத?" என்றார். சொல்லிக்கொண்டே கை இரண்டாவது துண்டுக்குப் போயிற்று. பிறகு மூன்றாவதுக்கு.

நான் தட்டை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன். என் ஆயுசில் நானாக மனசு வந்து கோபியை விட்டுக்கொடுத்தது அந்த ஒரு ஆளுக்குத்தான்.