செஞ்சிடலாம் சேவை மையம்

திரைக்கம்பி இடது பக்கம் இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது.

செஞ்சிடலாம் சார் ஸ்டூலிலிருந்து இறங்கி, நாலடி பின்னால் போய், தலையைச் சாய்த்துப் பார்த்தார். தலையைச் சாய்த்தால் கம்பி நேராகத்தான் இருந்தது. ஆனால் வீட்டுக்காரர் ஆயுசு முழுக்கத் தலையைச் சாய்த்துக்கொண்டே ஜன்னலைப் பார்க்கச் சம்மதிப்பாரா என்பது சந்தேகம்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் வேறு. யார் எதைக் கேட்டாலும் "செஞ்சிடலாம்" என்று சொல்லிச் சொல்லி, அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. "நாளைக்கு மழை வராம இருந்தா தேவலை" என்று பக்கத்து வீட்டுக்காரர் சும்மா சொன்னதற்கே "செஞ்சிடலாம்" என்றவர் அவர்.

பத்தொன்பது வருஷம் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை. பெட்டி கோணலா, நேரா என்று பார்த்து முத்திரை குத்துவார். கோணலைக் கண்டுபிடிப்பதில் அவருக்கு நிகர் கிடையாது. நேராக்குவது வேறு இலாகா.

தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். மனுஷர் ஒரு வாரம் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தார். எட்டாம் நாள் எழுந்து துண்டுச்சீட்டு அச்சடித்தார். 'செஞ்சிடலாம் சேவை மையம். பீரோ நகர்த்த, மருந்து வாங்கி வர, வரிசையில் நிற்க, கம்பி மாட்ட - ஒரே ஒரு போன் போதும்.'

அவர் மனைவி வீட்டிலேயே தையல் தைப்பவள். பேச்சும் அளவெடுத்த மாதிரி இருக்கும்.

"மாசத்துக்கு மூணு பேர், வேலை நல்லா இருந்துச்சுன்னு எழுத்துல தரணும். தந்தா உங்க மையம் நடக்கட்டும். இல்லேன்னா ஒண்ணாந்தேதி எங்க அண்ணன் கடைக்குக் கிளம்புங்க."

அண்ணன் வைத்திருப்பது கண்ணாடிக் கடை. ஆளுயரக் கண்ணாடி, அலமாரிக் கண்ணாடி, ஜன்னல் கண்ணாடி என்று சுவரெல்லாம் சாய்த்து வைத்திருப்பார். தங்கை கண்ணைக் கசக்கினால் கையிலிருக்கும் பொம்மையைக் கொடுத்துவிடுகிற பழக்கம் அவருக்குச் சின்ன வயசிலிருந்தே உண்டு. இப்போதும் அவள் கேட்டவுடன், "உனக்கு இல்லாத கடையாம்மா? மாப்பிள்ளை தாராளமா வரட்டும்" என்றார். சொல்லும்போது பல் பிடுங்கிக்கொள்கிறவர் மாதிரி முகம் இருந்தது. அதை அவள் கவனிக்கவில்லை.

செஞ்சிடலாம் சாருக்கு அந்தக் கடை என்றாலே பயம். திறப்பு விழா அன்று குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு அங்கே போயிருந்தார். யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்ததால் திரும்பினார். ஒரே ஒரு தடவைதான் திரும்பினார். அதற்குப் பிறகு அந்த நாளைப் பற்றிக் குடும்பத்தில் யாரும் பேசுவதில்லை.

ஆனால் அவர் பயம் கண்ணாடிக்காக அல்ல. மச்சானுக்கு எதிரே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, மிச்ச ஆயுசுக்கும் "ஆகட்டும் மச்சான், சரிங்க மச்சான்" என்று சொல்ல வேண்டும். தன்னைக் கீழே உட்கார வைத்து அழகு பார்க்க மச்சான் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறார் என்பது அவர் தீர்மானம்.

நல்லவேளையாக இரண்டு கடிதம் வந்துவிட்டது. ஒரு கிடங்கில் இரும்புப் பீரோவை நகர்த்தியதற்கு ஒன்று. தரை முழுக்கக் கோடு விழுந்துவிட்டதே என்று இவர் தூக்கமில்லாமல் கிடக்க, கதவிடுக்கில் கடிதம் வந்தது. 'தரை இப்போது வழுக்குவதில்லை. மிக்க நன்றி.' அடுத்தது, ஒரு இரும்புக் கேட்டுக்குப் பச்சை வர்ணம் பூசியதற்கு. பக்கத்தில் நின்ற வண்டியின் கதவிலும் பாதி பச்சையாகிவிட்டது. 'கேட்டும் வண்டியும் வெகு பொருத்தம்' என்று எழுதியிருந்தது.

மனைவி இரண்டு கடிதத்தையும் தையல் பிரிந்திருக்கிறதா என்று பார்ப்பது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ரெண்டு பேருமே அச்சடிச்சு அனுப்பியிருக்காங்களே."

"மரியாதை தெரிஞ்சவங்க."

மாதம் முடிய இரண்டே நாள் இருக்கும்போது மூன்றாவது போன் வந்தது. கைக்குட்டைக்குள்ளிருந்து பேசுவது போல ஒரு குரல்.

"ஜலதோஷம், தப்பா நினைக்காதீங்க. மாடி வீடு ஒண்ணு காலியா இருக்கு. சாவி மிதியடிக்கு அடியில. ஒரே ஒரு திரைக்கம்பி மாட்டணும்."

"செஞ்சிடலாம் சார்."

"ஜன்னல்ல கண்ணாடி கிடையாது. மரக்கதவுதான். வீட்டுல உடையற பொருள் எதுவுமே இல்ல."

"அதை எதுக்கு சார் சொல்றீங்க?"

"சும்மா, ஒரு தகவலுக்கு."

அந்தக் கம்பிதான் இப்போது இரண்டு விரற்கடை இறங்கி நிற்கிறது.

இடது பக்கத்தைக் கழற்றி, மேலே புதிதாகத் துளை போட்டு மாட்டினார். இப்போது வலது பக்கம் இறங்கியது. வலதை ஏற்றினார். இடது இறங்கியது. கம்பி மாடிப்படி ஏறுவது போல ஒவ்வொரு படியாக ஏறிக் கடைசியில் கூரையை முட்டிக்கொண்டு நேராக நின்றது. இதற்கு மேல் போக இடமில்லை என்பதும் ஒரு காரணம்.

திரையை மாட்டினார். அது ஜன்னலின் பாதியோடு நின்றுவிட்டது. கீழ்ப்பாதி திறந்து கிடந்தது. கம்பிக்குக் கீழே சுவரில் ஒன்பது துளைகள்.

துளையை அடைக்க வெள்ளைச் சிமெண்ட் வாங்கி வந்து அப்பினார். சுவர் நீலம். நீலச் சுவரில் ஒன்பது வெள்ளைப் பொட்டுகள் பளிச்சென்று தெரிந்தன. துளையாக இருந்தபோது இவ்வளவு தெரியவில்லை.

பொட்டை மறைக்க ஒரு பெரிய படத்தை மாட்டிவிடலாம் என்று தோன்றியது. அது நல்ல யோசனைதான். படத்துக்கு ஆணி வேண்டும் என்பதில்தான் வம்பு.

நாலாவது அடியில் ஆணி உள்ளே போனது. போன வேகத்தில் வெளியே வந்தது. பின்னாலேயே தண்ணீரும் வந்தது.

கிணறு வெட்டப் பூதம் கிளம்புவதைக் கேள்விப்பட்டிருக்கிறார். ஆணி அடித்துக் கிணறு கிளம்பியது இதுதான் முதல் தடவை. கட்டைவிரலால் அடைத்துப் பார்த்தார். தண்ணீர் விசிறியாக விரிந்து அவர் சட்டையை நனைத்தது. பனியனைக் கழற்றி அடைத்துவிட்டு, மொட்டைமாடிக்கு ஓடிக் கண்ணில் பட்ட வால்வை எல்லாம் மூடினார்.

திரும்பி வந்தபோது வாசலில் ஒருவர் நின்றிருந்தார். முகமெல்லாம் சோப்பு. இடுப்பில் துண்டு.

"தண்ணிய நிறுத்தினது யாரு?" என்று கண்ணை மூடிக்கொண்டே கேட்டார்.

"அஞ்சு நிமிஷம் சார். செஞ்சிடலாம்."

"எனக்கு எதுவும் செய்ய வேணாம். தண்ணிய விட்டாப் போதும்."

மறுபடி மேலே ஓடினார். எந்த வால்வு எந்த வீட்டுக்கு என்று தெரியவில்லை. ஒன்றைத் திறந்தார். கீழே பனியன் தெறித்து விழுந்தது. வேறு வழியில்லாமல் குழாய்க்காரருக்குப் போன் போட்டார்.

குழாய்க்காரர் அவசரப்படாத மனிதர். முதலில் இந்த வீட்டு வால்வைத் தேடி மூடி, மற்றதையெல்லாம் திறந்துவிட்டார். சோப்பு மனிதரின் வீட்டில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பிறகு கூரையை முட்டும் கம்பியைப் பார்த்தார், பொட்டுகளைப் பார்த்தார், தரையில் கிடந்த பனியனைப் பார்த்தார்.

"இங்க என்ன வேலை நடக்குது?"

"திரைக்கம்பி மாட்டறேன்."

"சரிதான்" என்று சுத்தியலை எடுத்தார். "குழாய் எங்க ஓடுதுன்னு தெரியணும். கொஞ்சம் உடைக்கணும்."

கொஞ்சம் என்றது ஒரு முழம் ஆனது. ஒரு முழம் நாலு முழமானது. சாயங்காலம் குழாயை ஒட்டி முடித்தபோது, சுவருக்கு அந்தப் பக்கமிருந்த சமையலறை மேடை நன்றாகத் தெரிந்தது.

"இதைப் பூசணுமே" என்றார் செஞ்சிடலாம் சார்.

"ஓனர்கிட்ட நானே பேசிக்கறேன். நீங்க போய்ச் சட்டைய மாத்துங்க" என்று சொல்லிவிட்டுக் குழாய்க்காரர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

செஞ்சிடலாம் சார் வெறும் தரையில் உட்கார்ந்துவிட்டார். எல்லாம் முடிந்தது. ஒண்ணாந்தேதி, கண்ணாடிக் கடை, ஸ்டூல், "ஆகட்டும் மச்சான்." ஐம்பது வயதுக்கு மேல் அழுவது அசிங்கம் என்று தெரிந்தும் கண்ணில் தண்ணீர் கட்டியது. இருந்தாலும் செய்ததை மறைக்கிற புத்தி அவருக்குக் கிடையாது. கோணலைக் கோணல் என்று முத்திரை குத்தியே பழகிய கை. போனை எடுத்தார்.

"சார், கம்பி மாட்டிட்டேன். ஆனா சுவர்ல ஒரு ஓட்டை."

"ஆணி ஓட்டைதானே, பரவால்ல."

"இல்ல சார். சமையலறை தெரியுது."

அந்தப் பக்கம் யாரோ தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டது.

"நல்லதாப் போச்சு" என்றது கைக்குட்டைக் குரல், மெதுவாக. "சமையலறைக்குக் காத்தோட்டம் போதாதுன்னு ரொம்ப நாளா நினைச்சுட்டிருந்தேன்."

"நிஜமாவா சார்?"

"உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"பனியன்தான் போச்சு."

"அப்ப நிம்மதியா வீட்டுக்குப் போங்க. கடிதம் வந்துடும்."

இந்த உலகத்தில் இன்னும் நல்ல மனிதர்கள் இருக்கிறார்கள் என்று நினைத்தபடி செஞ்சிடலாம் சார் ஈரச் சட்டையோடு வீடு வந்து சேர்ந்தார்.

மறுநாள், மாதத்தின் கடைசி நாள், காலையிலேயே கதவிடுக்கில் கடிதம் கிடந்தது. 'காற்றும் வெளிச்சமும் கொண்டுவந்து சேர்த்தீர்கள். இப்படி ஒரு சேவையை நான் கண்டதில்லை.'

மனைவி தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு இரண்டு தடவை படித்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள்.

"உங்களால ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சுட்டேன். தப்புதான்" என்றாள்.

கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் 'தப்புதான்' என்ற சொல் அவள் வாயிலிருந்து வந்து அவர் கேட்டதில்லை. மனம் நிறைந்து போயிற்று. இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்கலாமா என்று யோசித்து, இருக்கிறதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

சாயங்காலம் மச்சான் வந்தார். வரும்போதே களைத்துப் போயிருந்தார். தங்கை தேநீரோடு மூன்று கடிதங்களையும் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள்.

"படிச்சுப் பாருண்ணே. இவரு இனிமே உன் கடைக்கு வரல."

மச்சான் மூன்றையும் படித்தார். படிக்காமலே தெரிந்த மாதிரி வேகமாகப் படித்தார்.

"என்னம்மா பண்றது. நமக்குக் கொடுத்து வைக்கல" என்று பெருமூச்சு விட்டார். ஆனால் முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது.

செஞ்சிடலாம் சார் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, கால் மேல் கால் போட்டுக்கொண்டார். மச்சான் முன்னால் அப்படி உட்கார்வது இதுதான் முதல் தடவை.

"மன்னிச்சுக்குங்க மச்சான். ஜனங்க விட மாட்டேங்கறாங்க."

"விடவே கூடாது மாப்பிள்ளை" என்றார் மச்சான், உணர்ச்சிவசப்பட்டு.

"சரி, இந்த மாசம் பாஸ்" என்றாள் மனைவி. "அடுத்த மாசமும் மூணு கடிதம் வரணும். வரலைன்னா பேச்சு மாறாது."

"செஞ்சிடலாம்" என்றார் அவர்.

மச்சானின் தேநீர் தொண்டையில் சிக்கி இருமல் வந்தது. தங்கை முதுகைத் தட்டிக்கொண்டிருக்கும்போது, வாசலில் கடை வண்டியின் ஓட்டுநர் வந்து நின்றார். கதவு மறைவில் உட்கார்ந்திருந்த செஞ்சிடலாம் சார் அவர் கண்ணில் படவில்லை. நேரே முதலாளியைப் பார்த்து, வாசலிலிருந்தபடியே கேட்டார்.

"முதலாளி, குழாய்க்காரர் கேட்டுட்டு வரச் சொன்னாரு. அந்த மாடி வீட்டுச் சுவத்த இப்பவே பூசிடறதா, இல்ல உங்க மாப்பிள்ளையோட அடுத்த மாச வேலைக்குன்னு அப்படியே விட்டு வைக்கறதா?"