அரிக்கு வலிப்பு வந்த விவரம்

செஞ்சி,
ஆவணி 9, திங்கள்.

அன்புத் தம்பி பார்த்திபனுக்கு,

அண்ணன் அரிகிருஷ்ணன், எம்.ஏ., எம்.ஃபில்., எழுதுவது. இங்கே நான், உன் அண்ணி, மகள் மணிமொழி, அம்மாக்கண்ணு அக்கா நால்வரும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீங்கள் துபாயிலிருந்து சென்னை திரும்பி ஒரு வாரமாகச் சௌக்கியமாக இருப்பதை ஸ்டேட்டஸில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். போன் செய்தால் ‘மீட்டிங்கில் இருக்கிறேன்’ என்று உன் போனே பதில் அனுப்பிவிடுவதால் ஸ்பீடு போஸ்டில் எழுதுகிறேன். உன் கிரகப்பிரவேசப் பத்திரிகையில் என் பட்டங்களைப் போடாமல் விட்டாயே, அதைப் பற்றி இந்தக் கடிதத்தில் ஒரு வார்த்தையும் எழுதப் போவதில்லை.

விஷயம் உன் நாய். இருபதே நாள் என்று சொல்லி விட்டுப்போனாய். கூடையைத் திறந்ததும் அக்கா, “இன்னாடா இது, பெருச்சாளியப் புட்சினு வந்துக்கிறான்?” என்றாள். சிஹுவாஹுவா என்று அதன் ஜாதிப் பெயரைச் சொல்ல எம்.ஃபில். படித்த எனக்கே மூன்று நாள் ஆயிற்று. அது போகட்டும், ஹாரி என்று ஏன் பெயர் வைத்தாய்? நம் வீட்டில் யாருக்கு ‘ஹ’ வரும்? அக்கா முதல் நாளே ஹாவை விழுங்கி ‘ஆரி’ ஆக்கினாள். மறுநாள், ஆவன்னாவுக்கு இருந்த வாலையும் ஒட்ட நறுக்கி ‘அரி’ ஆக்கிவிட்டாள். ஐம்பத்து மூன்று வருஷமாக அவள் என்னைக் கூப்பிடும் பெயர் அது. “அரி, வாலாட்டாத” என்று அவள் கத்தும்போது தெருவில் போகிறவர்கள் என் பக்கம் திரும்பிப் பார்க்கிறார்கள். இதை எதிர்பார்த்துத்தான் நீ பெயர் வைத்தாய் என்பது என் தீர்மானமான கருத்து.

மூன்றாம் நாள் அது நடுங்க ஆரம்பித்தது. கோட்டைமலைப் பாறையெல்லாம் கொதிக்கிற வெயிலில் அது மட்டும் மார்கழியில் நின்றது. ஆட்டோ போனால் நடுக்கம், குக்கர் கூவினால் நடுக்கம், நான் தொண்டையைக் கனைத்தால் நடுக்கம். ஐந்தாம் நாள் சாய்ந்து விழுந்து, கண் நிலைகுத்தி, நான்கு காலும் சைக்கிள் மிதித்தன. அக்கா பீரோ சாவிக்கொத்தை எடுத்து வந்து அதன் பாதத்தில் திணித்தாள். “இரும்பு பட்டா நின்னுடும்டா.” கொத்து நாயைவிடக் கனம். நாய் தெளிந்த பிறகும் எழ முடியாமல் சாவிக்கு அடியில்தான் கிடந்தது.

தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவமனைக்கு ஓடினோம். டாக்டரம்மா பொறுமையானவர். “சின்ன ஜாதி நாய்ங்க பயத்துல நடுங்கும், குளிர்ல நடுங்கும், பசியில சக்கரை கொறஞ்சாலும் நடுங்கும். வலிப்பு வேற. பேர் சொல்லிக் கூப்புடுங்க. திரும்பிப் பாத்தா பெரும்பாலும் நடுக்கம். பாக்கலன்னா வலிப்பு. எவ்ளோ நேரம்னு கடிகாரத்தப் பாருங்க. சாவி கீவி வேணாம், வாய்ல கை வெக்காதீங்க” என்று சொல்லி, தினம் இரண்டு வேளை ஒரு மாத்திரையும் எழுதினார். சீட்டில் பெயர் கேட்டபோது அக்கா முந்திக்கொண்டு “அரி” என்றாள். அப்படியே பதிவாயிற்று.

அதிலிருந்து அக்கா நாளைக்கு நாற்பது முறை “அரி! அரி!” என்று கூவிப் பரிசோதனை செய்கிறாள். நாய் திரும்புவதில்லை. நான்தான் திரும்புகிறேன்.

இப்போது நேற்றைக்கு வருகிறேன். மணிமொழியைப் பார்க்க அனந்தபுரத்திலிருந்து பாண்டுரங்கன் குடும்பம் வந்தது. பையன் ஆதவன், வேளாண்மைத் துறையில் வேலை. ஜாதகம் பொருந்தி, இரண்டு பேரும் போனில் பேசிப் பிடித்துப்போய், வெற்றிலைத் தட்டு மாற்றுவது ஒன்றுதான் பாக்கி. பதினொரு மணிக்கு வருவதாகச் சொன்னவர்கள் பத்துக்கே வந்துவிட்டார்கள். நான் பின்கட்டில் முகம் முழுக்க சோப்பு நுரையோடு சவரத்தில் இருந்தேன். அந்த நேரம் பார்த்துத்தான் உன் நாய் விழுந்தது. அவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போது அக்கா உள்ளேயிருந்து கத்தினாள்: “அய்யோ, அரிக்கு வலிப்பு வந்துட்ச்சி! பேர் சொன்னா திரும்பல! வாயில நொர தள்ளுது! சாவி எத்தினு வாங்கடி!” நான் பாய்ந்து போய் அவள் கையிலிருந்த சாவிக்கொத்தைப் பிடுங்கிக்கொண்டு, அவர்களுக்கு விளக்கம் சொல்லக் கூடத்துக்கு ஓடினேன். நீயே நினைத்துப் பார். வாயில் நுரை, கையில் இரும்புச் சாவி, கோபத்தில் உடம்பெல்லாம் நடுக்கம்.

பாண்டுரங்கன் என் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். “அரி சார்... அரி சார்... கேக்குதா?” திரும்பிப் பார்த்தேன். டாக்டரம்மா கணக்கில் எனக்கு வெறும் நடுக்கம்தான், ஆனால் அது அவருக்கு எப்படித் தெரியும்? “எனக்கில்லீங்க, நாய்க்கு” என்றேன். “எந்த நாய்?” என்றார். நாய் அதற்குள் தெளிந்து கட்டிலுக்கு அடியில் போய்த் தூங்கிவிட்டது. “என் பேர்லயே ஒரு நாய் இருக்குதுங்க” என்றேன். பையனின் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கேசரியைத் தொடவில்லை. “சொல்லி அனுப்புறோம்” என்று போய்விட்டார்கள். “நைனா, நீங்க வாயத் தொறக்காம இருந்திருந்தாலே போதும்” என்கிறாள் மணிமொழி.

ஆகவே இது கண்ட உடனே நீ பாண்டுரங்கனுக்குப் போன் செய்து, வலிப்பு உன் நாய்க்குத்தான், அண்ணன் பரிபூரண ஆரோக்கியம், எம்.ஏ., எம்.ஃபில். என்று சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து நாயைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். தவறினால் அதற்கு ‘பார்த்திபன்’ என்று பெயர் மாற்றி, காலை மாலை தெருவில் நின்று கூப்பிடுவேன்.

நீயும் உன் வீட்டாரும் கை கால் நடுக்கமின்றி நீடூழி வாழ ஆசீர்வதிக்கும்,

அண்ணன்,
அ. அரிகிருஷ்ணன், எம்.ஏ., எம்.ஃபில்.

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் பாண்டுரங்கன் நேரில் வந்துவிட்டார். அவர் பையனுக்குப் பன்னிரண்டு வயதிலிருந்தே வலிப்பு உண்டாம், மாத்திரையில் இருக்கிறானாம். எப்படிச் சொல்வது என்று தவித்துக்கொண்டிருந்தார்களாம். “வந்தவங்க கண்ணெதிரவே மறைக்காத குடும்பம் உங்களுது” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். மணிமொழிக்கு முதல் வாரமே பையன் சொல்லிவிட்டானாம். “அதுக்கு இன்னா நைனா, மாத்திர போட்டா போச்சி” என்கிறாள். பாண்டுரங்கன், ‘அரி’ என்று பெயர் போட்ட என் மாத்திரைச் சீட்டைக் காட்டச் சொல்லிப் பார்த்து, “அட, நம்ம ஆதவனுக்கும் இதே மாத்திரதான்!” என்று பூரித்துப்போனார். வருகிற வெள்ளிக்கிழமை தட்டு மாற்றுகிறோம். ஆகவே நீ போன் செய்யாதே. நாய் என்று மூச்சு விடாதே. சீட்டில் ‘கால்நடை மருத்துவமனை’, ‘வயது 4, எடை 2.8 கிலோ’ என்று இருக்கும் வரிகளை மட்டும் நான் மடித்துப் பிடித்திருந்தேன்.