தகவல் நிலையமும் மனுசியின்ரை மில்லும்

நான் ஒரு சபதம் எடுத்தனான். என்ன வந்தாலும் என்ரை மனுசியின்ரை மில்லுக்குள்ளை கால் வைக்கிறேல்லை எண்டு.

சபதம் எடுத்தது மனுசிக்குத் தெரியாது. மனசுக்குள்ளை எடுத்தனான். வாய்விட்டுச் சொல்லியிருந்தா அது சபதமாய் நிண்டிராது, சண்டையாய்ப் போயிருக்கும். சண்டையிலை நான் ஒருநாளும் வெண்டதில்லை.

போர் முடிஞ்சு முகாமிலை இருந்து நாங்கள் பாப்பாமோட்டைக்குத் திரும்பி வந்து மூண்டு வருசம். வந்து கொஞ்சக் காலத்திலை ஒரு தொண்டு நிறுவனம் ஊருக்கு ரெண்டு சாமான் தந்தது. ஒண்டு, மாதர் சங்கத்துக்கு மா அரைக்கிற மில். அதைக் கொண்டு நடத்துறது என்ரை மனுசி சிவலட்சுமி. மற்றது, தகவல் நிலையம். அதுக்குப் பொறுப்பாளர் திருவாளர் கபிலன். வேறை ஆர், நான்தான்.

தகவல் நிலையம் எண்டா ஒரு அறை. உள்ளை ஒரு மேசை, கதிரை, அலுமாரி, கொம்பியூட்டர், மின்விசிறி. வெளிச்சுவரிலை ஒரு அறிவித்தல் பலகை. கிராம அலுவலரான விதானையார் அனுப்புற அறிவித்தலையெல்லாம் மட்டம் வைச்சு நேராய் ஒட்டுவன். கொம்பியூட்டருக்குத் தூசி தட்டுவன். சனம் மட்டும் வராது. சனம் வராத இடத்திலை பொறுப்பாளராய் இருக்கிற சுகம் இருக்கே, அது லேசிலை ஒருத்தருக்கும் வாய்க்காது.

மனுசிக்கு அந்தச் சுகம் கண்ணிலை குத்தும்.

"இஞ்சருங்கோ, அங்கை தனிய இருந்து என்ன செய்யிறியள்?"

"சேவை."

"ஆருக்கு?"

"ஊருக்கு."

"ஊர் முழுக்க என்ரை மில்லடியிலை எல்லோ நிக்குது?"

"அது மா அரைக்க வந்த சனம். தகவலுக்கு வந்த சனம் இல்லை."

"அப்ப உங்கடை சனத்தைக் காட்டுங்கோவன் பாப்பம்."

நான் பேப்பரை விரிச்சு முகத்துக்கு முன்னாலை பிடிப்பன். மனுசி விடமாட்டாள்.

"மில்லுக்கு வாங்கோ. சாக்குத் தூக்க வேண்டாம், ஒரு வேலையும் செய்ய வேண்டாம். சும்மா வந்து இருந்து சனத்தோடை கதையுங்கோ."

அந்தக் கடைசி வேலைதான் எனக்குப் பயம். சாக்கெண்டாலும் தூக்கிப்போடலாம்.

மறைச்சு என்ன, உங்களுக்குச் சொல்லுறன். மில்லடியிலை சனம் சும்மா நிக்காது. மா அரைபடுமட்டும் ஆளையாள் விசாரிக்கும். உங்கடை ஆக்கள் எல்லாரும் வந்து சேந்திட்டினமோ எண்டு கேக்கும். என்ரை தம்பி துஷாந்தன் போரின்ரை கடைசிமட்டும் எங்களோடை வந்தவன். முகாமுக்குள்ளை நாங்கள் வந்தம், அவன் வரேல்லை. அதுக்குமேலை எனக்கு ஒண்டும் தெரியாது. தெரியாது எண்ட ஒரு சொல்லை ஊரிலை உள்ள ஒவ்வொரு ஆளுக்கும் திருப்பித் திருப்பிச் சொல்ல என்னாலை ஏலாது. அறிவித்தல் பலகை எண்டா என்னை ஒண்டும் கேளாது.

இப்பிடி நான் நிம்மதியாய் ஒளிச்சிருக்கேக்கைதான் பல்கலைக்கழகக் கம்பஸிலை இருந்து ஒரு ஆய்வு வந்தது. 'மீள்குடியேறிய கிராமங்களில் சிறுதொழில் முகாமைத்துவம், தகவல் சேவைகள், வளர்ந்தோர் நல்வாழ்வு.' தலைப்பை வாசிக்கவே ஒருக்கா மூச்சு விட்டு வாசிக்க வேண்டிக் கிடந்தது. இதுக்கு ஊர் முழுக்க ஏன் அலையவேணும்? மில்லை நடத்துற முகாமைத்துவம் என்ரை மனுசி. தகவல் சேவை நான். ரெண்டும் ஒரே கூரைக்குக் கீழை கிடக்கு. நல்வாழ்வைத்தான் எங்கை வைச்சம் எண்டு தெரியேல்லை.

டிலக்சனா எண்ட படிக்கிற பிள்ளை ஒண்டு படிவக் கட்டோடை வந்தது.

"அங்கிள், நாளைக்குத் தொடங்கிறம். மொத்தம் நாப்பத்திரண்டு வீடு. இந்தக் கட்டை உங்கடை அலுமாரியிலை வைக்கலாமோ?"

"தாராளமாய் வையும் பிள்ளை. இது என்னத்துக்கு?"

"சனம் தகவல் நிலையத்தைப் பாவிக்குதோ எண்டு பாக்கினம் அங்கிள். பாவிக்காட்டி மூடுறதோ, வேறை ஏதும் செய்யிறதோ எண்டு நிறுவனம் முடிவெடுக்குமாம்."

நிலையத்தை மூடினா நான் எங்கை போறது? மில்லடிதான் கதி.

பிள்ளை போன கையோடை அலுமாரியைத் திறந்தன். படிவக் கட்டு ஒட்டின பிளாஸ்டிக் உறைக்குள்ளை கிடந்தது. உறையைப் பிரிக்கேல்லை. நான் நேர்மையான ஆள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெளியாலை தெரிஞ்ச முன்பக்கத்தை மட்டும் வாசிச்சன். ஒன்பதாம் கேள்வி: உங்களுக்குத் தேவையான தகவல்களை எங்கே பெறுகிறீர்கள்? பத்தாம் கேள்வி: அந்தச் சேவையில் உங்கள் திருப்தி, ஒன்று முதல் ஐந்து வரை. காணும், இது ரெண்டும் எனக்குப் போதும்.

எங்கடை ஊரிலை ஒரு முறை இருக்கு. கணக்கெடுக்க ஆர் வந்தாலும் ஊர் முழுக்க ஒரே பதில்தான் சொல்லும். முகாமிலை படிச்ச பாடம் அது. அங்கை ஒரு தறப்பாள் கூடாரத்துக்காரன் ஒண்டு சொல்ல, பக்கத்துத் தறப்பாள்காரன் வேறை ஒண்டு சொல்ல, ரெண்டு பேரையும் ஆமிக்காரர் கூட்டிக்கொண்டுபோய் ஒரு பகல் முழுக்க விசாரிச்சாங்கள். அந்த நாளிலை இருந்து முதல் வீடு சொல்லுறது வேலிக்கு மேலாலை கடைசி வீடுமட்டும் போகும். படிவக்காரர் ஒரு வீட்டுப் படலையைத் திறக்கேக்கை அந்த வீட்டிலை பதில் ஏற்கெனவே ஆறிப்போய்க் கிடக்கும்.

முதல் வீடு ஏரம்பு அண்ணையின்ரை. வயல்காரன், நல்ல மனுசன். சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே அங்கை போனன்.

"அண்ணை, நாளைக்குக் கணக்கெடுக்க வருகினம்."

"என்ன தருவினமாம்?"

"ஒண்டும் தராயினம். தகவல் எங்கை எடுக்கிறனீங்கள் எண்டு கேப்பினம். தகவல் நிலையத்திலை எண்டு சொல்லுங்கோ."

"கூரைத் தகரம் தருவினமோ?"

"ஒண்டும் தராயினம் எண்டு சொல்லுறன். பேந்து திருப்தி எவ்வளவு எண்டு கேப்பினம். ஐஞ்சு எண்டு சொல்லுங்கோ."

"திருப்தி எண்டு சொன்னா ஒண்டும் தராங்கள் தம்பி. நாங்கள் எப்பவும் ஒண்டுதானே சொல்லுறனாங்கள்? போன முறை ஒண்டு எண்டு சொல்லித்தான் ஆடு கிடைச்சது."

"அண்ணை, இந்த முறை எனக்காகச் சொல்லுங்கோ. இல்லாட்டி நிலையத்தை மூடிப்போடுவினம்."

ஏரம்பு அண்ணை ஏதோ சொல்ல வாயெடுத்தார். பேந்து விட்டிட்டார்.

"சரி தம்பி. உனக்காக ஐஞ்சு சொல்லுறன். வேலியாலையும் சொல்லிவிடுறன்."

டிலக்சனா நாலு நாள் வீடு வீடாய்த் திரிஞ்சது. கடைசி நாள் வெயிலிலை சிவந்த முகத்தோடை வந்து கதிரையிலை இருந்துது.

"அங்கிள், உங்கடை ஊர்ச்சனம் எவ்வளவு தெளிவாய்ப் பதில் சொல்லுதுகள்! யோசிக்கவே இல்லை."

"என்ன பிள்ளை சொல்லிச்சினம்?"

"அதைச் சொல்லக்கூடாது அங்கிள்." ஆனா சிரிச்சது.

மத்தியானம் வீட்டிலை சோத்துக்கு முன்னாலை இருந்துகொண்டு மெல்லக் கேட்டன்.

"உன்னட்டையும் கேட்டவையோ?"

"ஓம்."

"என்ன சொன்னனீ?"

"எல்லாரும் சொன்னதைத்தான் சொன்னனான். இன்னும் கொஞ்சம் சோறு போடட்டோ?"

எனக்குக் கண் கலங்கிப்போச்சு. இவ்வளவு நாளும் இந்த மனுசியைப் பிழையாய் நினைச்சிட்டன் எண்டு பட்டுது. ரெண்டாந்தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டன்.

ரெண்டு மாசத்தாலை ஆய்வு முடிவு சொல்லுற கூட்டம். எங்கை? என்ரை நிலையத்திலைதான்! நாப்பத்திரண்டு வீட்டுச் சனமும் அறைக்குள்ளையும் வாசலிலையும் அடைஞ்சு நிண்டுது. நான் வெள்ளைச் சேட்டுப் போட்டு முன்வரிசையிலை இருந்தனான். கம்பஸிலை படிப்பிக்கிற சிவதர்சினி மிஸ் கடதாசியைக் கையிலை எடுத்தா.

"ஒன்பதாம் கேள்வி. தேவையான தகவலை எங்கை பெறுறியள்? நாப்பத்திரண்டு வீட்டிலையும் ஒரே பதில், தகவல் நிலையம்!"

நான் காலுக்கு மேலை காலைப் போட்டன்.

"பத்தாம் கேள்வி, திருப்தி. நாப்பத்திரண்டு வீட்டிலையும் ஐஞ்சுக்கு ஐஞ்சு. நான் எத்தினையோ ஆய்வு செய்தனான், இப்பிடி ஒண்டைக் கண்டதில்லை."

திரும்பி மனுசியைப் பாத்தன். அவள் நல்லபிள்ளை மாதிரி நிலத்தைப் பாத்துக்கொண்டு இருந்தாள்.

மிஸ் படிவத்தை மற்றப் பக்கம் திருப்பினா. அப்பதான் எனக்கு விளங்கிச்சு. படிவத்துக்கு மற்றப் பக்கமும் இருந்திருக்கு!

"பதினோராம் கேள்வி. அந்தத் தகவல் நிலையம் ஊரிலை எங்கை இருக்கு? இதுக்கும் நாப்பத்திரண்டு வீட்டிலையும் ஒரே பதில்." மிஸ் கண்ணாடியைச் சரிசெய்து வாசிச்சா. "சிவலட்சுமி அக்காவின்ரை மில்லடி."

விதானையார் இருமினார். நான் போட்ட காலை எடுத்தன்.

"வாய்க்காலிலை தண்ணி எப்ப திறக்கிறது, வயலுக்குப் பசளை எப்ப வருது, கிளினிக் எந்த நாள், ஆரின்ரை கடிதம் வந்திருக்கு, எல்லாம் மில்லடியிலைதான் தெரியவருதாம். கடைசியாய் நல்வாழ்வு. இருபத்தேழாம் கேள்வி. எங்களோடை வந்து கதைச்சா நல்லது எண்டு நீங்கள் நினைக்கிற, ஆனா ஒதுங்கியே இருக்கிற ஒரு ஆள் ஊரிலை இருக்கோ? பெயர் சொல்லமாட்டன், அது ஆய்வு நெறி. நாப்பத்திரண்டு வீட்டிலையும் ஒரே ஆளைத்தான் சொல்லியிருக்கினம்."

ஆய்வு நெறி மிஸ்ஸுக்கு இருந்தது. சனத்துக்கு இல்லை. அறையிலை இருந்த அவ்வளவு பேரும் திரும்பி என்னைப் பாத்துதுகள்.

எழும்பிப் போகவேணும் போலை இருந்தது. வாசல் முழுக்கச் சனம், எங்காலை போறது? வெக்கமும் கோவமும் ஒண்டாய் வந்துது. பக்கத்திலை இருந்த ஏரம்பு அண்ணை என்ரை முழங்காலிலை கையை வைச்சார்.

"குறை நினையாதை தம்பி. எங்களுக்கும் இஞ்சை வர விருப்பம்தான். நீ அந்தக் கதிரையிலை இருக்கிற இருப்பைப் பாத்தா ஒருத்தருக்கும் படி ஏற மனம் வாறேல்லை. அவனை விடுங்கோடா எண்டு திரும்பிப் போயிடுவம்."

மூண்டு வருசமாய் நான் நினைச்சது, இந்தச் சனத்துக்கு அறிவித்தல் வாசிக்கிற பழக்கம் இல்லை எண்டு. சனம் என்னை நினைச்சுத்தான் தள்ளி நிண்டிருக்கு. அது விளங்க எனக்கு ஒரு கம்பஸ் வரவேண்டிக் கிடந்தது. நான் ஒரு விசரன்.

அடுத்த மாசமே நிறுவனத்தின்ரை முடிவுப்படி கொம்பியூட்டரும் பலகையும் அலுமாரியும் உழவு மெசினிலை ஏறி மில்லடிக்குப் போச்சுது. பொறுப்பாளரும் போனார். மாச் சாக்குக்குப் பக்கத்திலை என்ரை கதிரையைப் போட்டினம். அரை மணித்தியாலத்திலை தலையிலிருந்து கால்மட்டும் வெள்ளையாய்ப் போனன்.

முதல் ஆளாய் வசந்தமலர் வந்தா. எங்கடை ஊர்தான். அவவின்ரை மனுசனும் முகாமுக்கு வந்து சேராத ஆள். மிளகாயோடை அரசாங்கக் கச்சேரியிலை இருந்து வந்த கடிதம் ஒண்டும் கொண்டுவந்தவ. சிங்களத்திலையும் இங்கிலீசிலையும் கிடந்தது. இங்கிலீசை வாசிச்சு, என்னென்ன கடதாசி கொண்டு எந்த நாள் போகவேணும் எண்டு மில் சத்தத்துக்கு மேலாலை கத்திச் சொன்னன். அவ தலையாட்டினா. பேந்து நான் மூண்டு வருசமாய்ப் பயந்த கேள்வியைக் கேட்டா.

"துஷாந்தன் தம்பியைப் பற்றி ஏதும் தெரிஞ்சுதோ?"

அந்த நேரம் பாத்து மில் நிண்டுது. மனுசி சுவிச்சிலை கையை வைச்சபடி மற்றப் பக்கம் பாத்துக்கொண்டு நிண்டாள்.

"இல்லை" எண்டன். "ஒண்டும் தெரியாது அக்கா."

"எங்கடையும் அப்பிடித்தான்" எண்டா வசந்தமலர்.

அவ்வளவுதான் கதை. இதுக்குத்தான் நான் மூண்டு வருசம் ஒளிச்சிருந்தனான். எனக்கு அழுகை வந்துது, அழுதன். வரிசையிலை நிண்ட பெம்பிளையள் தங்கடை தங்கடை மாப் பையைத் திறந்து அக்கறையாய்ப் பாத்துதுகள். ஆரோ ஒராள் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தது. பேந்து மில் ஓடத் தொடங்கிச்சு. பின்னேரத்துக்குள்ளை பதினாலு பேருக்குக் கடிதம் வாசிச்சன். தொண்டை கட்டிப்போச்சு, ஆனா நெஞ்சு லேசாய்க் கிடந்தது.

மில் பூட்டுற நேரம் மனுசியைப் பிடிச்சன். ஒரு விசயம் எனக்குச் சரிவரேல்லை.

"எல்லாம் சரி. ஏரம்பு அண்ணைக்கு நான் சொன்னது படிவத்தின்ரை முன்பக்கம். மற்றப் பக்கப் பதிலை ஊருக்குச் சொன்னது நீதானே?"

"ஓம். பாதிப் பதிலோடை சனத்தை விடலாமோ?"

"உறை ஒட்டியெல்லோ கிடந்தது? உனக்கு மற்றப் பக்கம் எப்பிடித் தெரியும்?"

மனுசி மெசினிலை கிடந்த மாவை ஆறுதலாய்த் தட்டித் துடைச்சாள்.

"படிவம் எழுத முந்தி சிவதர்சினி மிஸ் ஊர் பாக்க வந்தவ. முதல்லை உங்கடை நிலையத்துக்குத்தானாம் போனவ. நீங்கள் கதவை உள்ளாலை கொழுவிப்போட்டு இருந்தனீங்களாம். பேந்துதான் மில்லடிக்கு வந்தவ. இந்தச் சனத்திட்டை என்னென்ன கேக்கலாம் எண்டு என்னட்டைக் கேட்டவ."

"கேட்டதுக்கு?"

"நாலைஞ்சு கேள்விக்கு யோசினைதான் சொன்னனான். இருபத்தேழாவது முழுக்க என்ரை."