மூன்று பேர் படுக்கும் வண்டியில் நாலாவது ஆள்

டிரிஃபீல்டு, யார்க்ஷயர்
ஜூன் மாதம், மழை விட்ட ஒரு ஞாயிறு

என் அன்புக்கும், அதில் பாதி அளவு பயத்துக்கும் உரிய அக்கா மாவிஸுக்கு, தம்பி நெவில் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே ஹேசல் சௌக்கியம். நானும் சௌக்கியம், முதுகைத் தவிர. முதுகுக்கு என்ன ஆயிற்று என்பது கீழே வருகிறது. டெவனில் நீயும், உன் முழங்காலும், உன் கோழிகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதே எங்கள் விருப்பம்.

உன் அஞ்சலட்டை வந்தது. அப்பாவின் கேரவனைப் புதுப்பித்து நான் ஆசை ஆசையாக அனுப்பிய புகைப்படத்தைப் பார்த்துவிட்டு, "இது யாரோட வண்டி?" என்று ஒரு வரி, "ஆகஸ்டுல நான் வரலை" என்று இன்னொரு வரி எழுதியிருந்தாய். ஹேசல் அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டாள். பால் எடுக்கப் போகும்போதெல்லாம் அது என்னை முறைக்கிறது. கோர்டன் அத்தான் காலமான பிறகு வரும் முதல் கோடை இது. காரில் மாட்டி இழுத்துப்போகும் அந்த வீட்டு வண்டியில், அப்பாவின் கேரவனில், படுத்துக்கொண்டு கூரையில் மழை விழுவதைக் கேட்க வேண்டும் போலிருக்கிறது என்று கிறிஸ்துமஸ் அன்று ஃபோனில் சொன்னாயே, அதை நான் மறக்கவில்லை. நீ வராமல் போனால் எனக்குத் தாங்காது, அக்கா. ஆகவே நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன். படித்துவிட்டு நன்றாகத் திட்டு, ஆனால் இங்கே வந்து திட்டு.

அப்பாவுக்குப் பிறகு வண்டியில் உன் பாதியை எனக்கு விட்டுக்கொடுத்தபோது நீ சொன்னது ஒன்றே ஒன்றுதான். "எதையும் மாத்தாதேடா, அசலா அப்படியே வெச்சிரு." நானும் அப்படியே வைக்கத்தான் ராப்பகலாக உழைத்தேன். தகராறு எந்த 'அப்படியே' என்பதில் வந்தது. நான் சேர்ந்திருக்கும் பழைய கேரவன் சங்கத்தில் அசல் என்றால், ஹல் நகரத் தொழிற்சாலை வாசலைத் தாண்டிய அன்று வண்டி எப்படி இருந்ததோ அப்படி. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அவர்களுக்குச் சேதாரம். சங்கத்தில் ரோலண்ட் என்று ஒருவன் இருக்கிறான், வருஷா வருஷம் அசல் வண்டிக்கான கோப்பையைத் தட்டிக்கொண்டு போகிறவன். அவன்தான் பெரிய மனசு பண்ணி, 1949இல் அந்தக் கம்பெனி போட்ட விளம்பரப் புத்தகத்தை எனக்குக் கொடுத்தான். வாங்கிப் புரட்டினேன். கதவு பச்சையாம். மஞ்சள் என்ற பேச்சே இல்லை. நமக்குத்தான் தெரியுமே, விடுமுறைக்குப் போன ஃபைலி கடற்கரை மைதானத்தில் எல்லா வண்டியும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் நின்றதால் சின்னப் பயலான நான் காலையில் எழுந்து யார் யார் கதவையோ திறந்து ஏறி, முன்பின் தெரியாத குடும்பங்களோடு உட்கார்ந்து அவர்கள் சாசேஜைத் தின்றுவிட்டு வந்தேன். அம்மாவுக்கு மானம் போயிற்று, அப்பா பஸ் டிப்போவில் மிஞ்சிய மஞ்சள் பெயிண்டைக் கொண்டுவந்து கதவுக்கு அடித்தார். வாசலோரம் முழங்கால் உயரத்தில் இருக்கும் கொக்கியும் புத்தகத்தில் இல்லை. அது என் மழைக்கோட்டுக்காக அவர் அடித்தது.

அப்புறம் எனக்குப் பித்துப் பிடித்தது என்று ஹேசல் சொல்கிறாள், நான் ஊக்கம் என்று சொல்கிறேன். கதவைச் சுரண்டிப் பச்சை அடித்தேன். சுரண்டிய மஞ்சள் தூள் காற்றில் பறந்து பக்கத்து வீட்டுக்காரர்கள் காயப்போட்ட படுக்கை விரிப்புகளில் படிந்து, அவர்கள் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. மெத்தை உறைகளைத் தொழிற்சாலை வெளுப்புக்குக் கொண்டுவருகிறேன் என்று ப்ளீச்சில் ஊறப்போட்டேன், அதில் உன் படுக்கை உறையில் சின்ன வயதில் நீ சிந்திய பெரிய பீட்ரூட் கறையும் போய்விட்டது. சரியான விளக்குக் கண்ணாடி தேடி லிங்கன் வரை போய் வாங்கி, வீட்டு வாசலில் இறங்கும்போது வழுக்கி அதன்மேலேயே உட்கார்ந்தேன். மறுபடியும் லிங்கன் போனேன். வண்டிக்குள் புது யுகத்துப் பொருள் எதுவும் நுழையக் கூடாது என்று உத்தரவு போட்டேன், ஹேசல் சரி சரி என்று தலையாட்டினாள். அவள் சரி சரி என்று இரண்டு தரம் சொன்னால் என்ன அர்த்தம் என்று இத்தனை வருஷக் குடித்தனத்தில் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மே மாதக் கடைசியில் பிக்கரிங் மைதானத்தில் சங்கத்தின் கூடுகை. உனக்குத் தெரியாது, அது ஒரு கல்யாண வீடு மாதிரி. நான் அந்தக் காலத்துக் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு நின்றேன். நடுவர் ஹோல்ராய்ட் ஒரு டார்ச்சும், வண்டிக்கு அடியில் பார்க்க நீளக் கைப்பிடி வைத்த ஒரு கண்ணாடியும் வைத்திருப்பார். கதவைத் தட்டிவிட்டு, ஷூவைத் துடைத்துவிட்டுத்தான் ஏறுவார். அவருக்கு டீ கொடுக்க வேண்டும், டீக் கோப்பையும் வண்டி செய்த வருஷத்துக் கோப்பையாக இருக்க வேண்டும். ஏறினார், டீ குடித்தார், விளக்கைப் பார்த்து மெச்சினார், அலமாரியைத் திறந்தார். உள்ளே பளபளவென்று ஒரு பிளாஸ்டிக் கக்கூஸ். "அந்தக் காலத்துல மைதானத்துக் கோடிக்குத்தானே போனாங்க, மேடம்?" என்று அவர் ஹேசலிடம் மரியாதையாகக் கேட்டார். "அவங்க போனாங்க, நான் போக மாட்டேன்" என்று ஹேசல் இன்னொரு பிஸ்கட்டை நீட்டினாள். தூக்கி வெளியே வைக்கக்கூடிய சாமானுக்கு மதிப்பெண் குறைக்க மாட்டோம் என்று சொல்லி ஹோல்ராய்ட் அலமாரியைப் பதமாக மூடினார்.

ஆனால் டார்ச் மேலே போனது. உன் படுக்கைக்கு மேலே அப்பா ஸ்க்ரூ போட்டு முடுக்கிய மடக்குப் படுக்கை, அதாவது நாலாவது படுக்கை, என் படுக்கை.

"வேலை ரொம்ப நேர்த்திங்க. ஆனா புத்தகத்துல மூணு பேருக்குத்தான் படுக்கை. இது பின்னாடி ஒட்டினது. இதை எடுத்துட்டீங்கன்னா ஆகஸ்டு கூடுகையில கோப்பை உங்களுக்குத்தான்" என்றார்.

அக்கா, ரோலண்டின் வண்டியை நீ பார்க்க வேண்டும். கூரை புதுசு, சுவர் புதுசு, தரை புதுசு, அச்சு புதுசு, எல்லாம் புத்தகத்தில் உள்ளபடியே செய்து மாட்டியது. அதில் பழசு என்று இருப்பது ரோலண்ட் ஒருவன்தான். அதற்கு முழு மதிப்பெண். அப்பா கைப்பட அறுத்த பலகை இருக்கிற நம் வண்டிக்கு வெட்டு. இருந்தாலும் கோப்பை என்ற வார்த்தை காதில் விழுந்ததும் எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது, பொய் சொல்ல மாட்டேன். ரோலண்ட் அதற்குள் எங்கிருந்தோ ஒரு ரம்பத்தோடு வந்து நின்றான்.

படிக்கட்டில் உட்கார்ந்து முட்டை சாண்ட்விச் தின்றுகொண்டிருந்த ஹேசல் திரும்பிக்கூடப் பார்க்காமல் கேட்டாள்.

"இந்த வண்டி வாங்கினப்போ உங்க வீட்டுல யார் யார் இருந்தாங்க?"

"அப்பா, அம்மா, மாவிஸ்."

"மூணு பேர், மூணு படுக்கை. கணக்கு சரியாத்தான் இருக்கு. அப்போ பின்னாடி வந்து ஒட்டினது அந்தப் பலகை இல்ல, நீங்க. எங்கேயிருந்து அறுக்கணும்னு ரோலண்ட்கிட்ட காட்டுங்க."

ஹோல்ராய்ட் டார்ச்சை அணைத்துவிட்டார். நான் யோசிக்க வேண்டும் என்று அந்தப் படுக்கையிலேயே ஏறிப் படுத்தேன். அறுபதைத் தாண்டியவன் படுக்கிற இடம் இல்லை அது, முழங்கால் தாடையில் இடித்தது. படுத்தவுடன் எனக்கு ஞாபகம் வந்தது இடி. இடி இடிக்கும்போது நான் அழுவேன், நீ கீழேயிருந்து காலால் பலகையைத் தட்டுவாய், நான் மேலேயிருந்து திருப்பித் தட்டுவேன், அப்புறம் தூங்கிவிடுவேன். என் கை தானாகவே பலகையைத் தட்டியது. கீழேயிருந்து ரோலண்ட், "என்னப்பா, கழண்டுடுச்சா?" என்றான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அக்கா. இறங்கலாம் என்று பார்த்தால் முதுகு பிடித்துக்கொண்டது. ஹோல்ராய்ட் ஒரு காலையும் ரோலண்ட் ஒரு காலையும் பிடித்து என்னை உருவி எடுத்தார்கள்.

ரோலண்டை ரம்பத்தோடு திருப்பி அனுப்பினேன். கோப்பை ஆசையை அந்த மைதானத்திலேயே புதைத்துவிட்டு வந்தேன். நாலாவது படுக்கை இருக்கிறது, கொக்கி இருக்கிறது. கதவுக்கு மஞ்சள் அடித்தாயிற்று. கீல் மடிப்புக்குள் நகக்கண் அளவு பழைய பெயிண்ட் தப்பியிருந்தது, அதைக் காட்டிக் கடைக்காரரிடம் கலக்கச் சொன்னேன். அது அதே மஞ்சள்தானா என்று சொல்ல உலகத்தில் உன்னை விட்டால் ஆள் இல்லை. எனக்கு அசல் இப்போது புத்தகத்தில் இல்லை, உன் ஞாபகத்தில்தான் இருக்கிறது. வந்துவிடு, அக்கா. கீழ்ப்படுக்கை உனக்கு. மழைக்கு நான் பொறுப்பு, யார்க்ஷயரில் ஆகஸ்டில் அதற்குக் குறையே வராது.

உன் முழங்காலுக்கு எங்கள் விசாரிப்பு, கோழிகளுக்கு எங்கள் அன்பு, கோர்டன் அத்தான் இருக்குமிடத்தில் அவருக்கு நல்ல மீன்பிடி வாய்க்கட்டும். நீ நீடூழி வாழ்ந்து என்னைத் திட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

உன் ஒட்டுத் தம்பி,
நெவில்

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் சங்கச் செயலாளர் ஃபோன் செய்தார். ஹோல்ராய்ட் சொல்லித்தான் என்று நினைக்கிறேன், ஆகஸ்டு கூடுகையில், நீ வரும் அதே வாரம், புதிதாக ஒரு கோப்பை வைக்கிறார்களாம்: குடும்பத்தார் செய்த மாற்றங்கள் கலையாமல் இருக்கும் வண்டிக்கு. ரோலண்ட் நேற்றே அவன் வண்டியில் நாலாவது படுக்கை அடித்துவிட்டு, இப்போது பழசாகத் தெரிய அதன்மேல் டீத்தண்ணீர் தேய்த்துக்கொண்டிருக்கிறானாம். நான் பெயர் கொடுத்துவிட்டேன். ஹேசலிடம் சொல்லாதே. ஒரே ஒரு குறை, உன் மெத்தை உறையில் அந்தப் பீட்ரூட் கறை இல்லை. நான் சிந்தினால் அது ஒட்டுவேலை. நீ வந்து சிந்தினால்தான் அசல். பீட்ரூட்டை வினிகரில் ஊறப்போட்டுவிட்டேன்.