கரித்துணி ஆர்ட்டிஸ்ட்

நாகேந்திரனுக்கு அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை. வயிற்றில் கோளாறு ஒன்றும் இல்லை. கோளாறு முதலாளியிடம்.

அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனி ஒன்றில் பெட்ஷீட், தலையணை உறைக்கு டிசைன் போடும் வேலை அவனுக்கு. சேர்ந்த நாளிலிருந்து ஒரே ரோஜாப்பூ. சிவப்பு அலுத்தால் நீலம். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திங்கட்கிழமை முதலாளி ஸ்ரீகாந்த் எல்லோரையும் உட்காரவைத்துப் படம் போட்டுக் காட்டினார். ஒருத்தர் மெழுகுவர்த்திப் புகையிலேயே ஓவியம் வரைகிறார். இன்னொருத்தர் துருப்பிடித்த ஆணிகளைத் துணியில் சுற்றிவைத்துச் சித்திரம் எடுக்கிறார். ஒரு அம்மாள் காபிக் கறையிலேயே முகம் முகமாக வரைந்து தள்ளுகிறாள்.

"இவங்கதான் நமக்கு இன்ஸ்பிரேஷன்! வெள்ளிக்கிழமை ஆளுக்கொரு டெக்னிக்கோட வாங்க. ரோஜாப்பூவைக் கம்ப்யூட்டரே போட்டுக்கும். அதுக்கு ஆள் எதுக்கு?" என்றார்.

ஆள் எதுக்கு! அந்தக் கேள்வி அவனோடு ரயிலேறி ஆவடி வீடு வரைக்கும் வந்தது.

செவ்வாய்க்கிழமை புகை ஓவியம். சார்ட் பேப்பருக்கு அடியில் மெழுகுவர்த்தியைப் பிடித்தான். பேப்பர் போச்சு, பாதி மீசையும் போச்சு.

"இன்னாங்க, ஊட்டைக் கொளுத்தறதுக்கு நாள் கீள் பாத்தீங்களா?" என்றாள் மனைவி சுலோசனா.

"டிசைன் பண்றேன்டி."

"மூஞ்சிலயா?"

புதன்கிழமை துரு. அதற்கு அவன் எடுத்தது அவளுடைய புது வெள்ளை உள்பாவாடை. அப்புறம் நடந்ததைச் சொல்லாமல் விடுவதுதான் அவனுக்கு மரியாதை.

வெள்ளிக்கிழமை காலை. கையில் ஒன்றுமில்லை. தண்ணீர் குடிக்க அடுப்படிக்குள் போனவன், ஆணியில் தொங்கிய கரித்துணியைப் பார்த்தான். சூடான பாத்திரத்தை இறக்க சுலோசனா பிடிக்கிற பழைய வேட்டித் துண்டு. மஞ்சள், எண்ணெய், குழம்பு, டீ, ஓரமெல்லாம் நெருப்புப் பட்ட பழுப்பு. அடடா! உலகத்து ஆர்ட்டிஸ்ட்டுகள் தனித்தனியாகப் பண்ணுவதெல்லாம் ஒரே துணியில்! செல்போனில் படம் எடுத்துக்கொண்டு ஆபீசுக்கு ஓடினான்.

ஆபீஸ் சுவரில் கரித்துணி ஆளுயரத்துக்கு விரிந்தது.

"நெருப்புக்கு முன்னாடி நின்னு பண்றது சார். ஒரு பீஸுக்கு மாசக்கணக்காகும்."

"ஃபேன்டாஸ்டிக்! யாருய்யா ஆர்ட்டிஸ்ட்?"

நாகேந்திரன் கணக்குப் போட்டான். பெண்டாட்டி என்றால் பேர் அவளுக்குப் போய்விடும். அது போனாலும் போகட்டும், அவளுடைய அடுப்படி அழுக்கை ஊரைக் கூட்டிக் காட்டியது தெரிந்தால் உயிரோடு விடுவாளா?

"நான்தான் சார்."

"அப்ப ஞாயித்துக்கிழமை உன் வீட்டுக்கு வரேன். ஒரிஜினலை நேர்ல பாக்கணும்."

வீட்டில் சுலோசனா இருப்பாளே! சனிக்கிழமை மத்தியானம் மெதுவாக ஆரம்பித்தான்.

"சுலோ, நாளைக்குப் பூந்தமல்லி போயி உங்க அக்காவைப் பாத்துட்டு வாயேன். பாவம், எவ்ளோ நாளாச்சு."

"நீங்களா சொல்றீங்க?"

"ஏன், நான் சொல்லக் கூடாதா?"

"சரி, காலைலயே போறேன். ராத்திரிதான் வருவேன், போதுமா?"

சண்டையே போடாமல் ஒத்துக்கொண்டாள். அதுதான் அவனுக்கு உதைத்தது. ராத்திரி முழுக்கப் புரண்டு புரண்டு படுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை அவள் கிளம்பினாள். ஸ்ரீகாந்த் வந்தார். நாகேந்திரன் கரித்துணியைத் தாம்பாளத்தில் வைத்து நீட்டினான். அவர் அதைக் கையால் தொடக்கூட யோசித்தார், அவ்வளவு பக்தி. அந்த நேரம் பார்த்து வாசல் கேட் கிறீச்சிட்டது. சுலோசனா!

"வாங்க மேடம், உங்களுக்காகத்தான் வெயிட்டிங்," என்றார் ஸ்ரீகாந்த்.

இவருக்கு இவளை எப்படித் தெரியும்?

"உங்க வீட்டுக்காரர் எவ்ளோ பெரிய ஆர்ட்டிஸ்ட்!"

"எனக்குத் தெரியாதா சார்? மூணு வேளையும் அவரேதான் சமைக்கிறாரு. அடுப்பாண்ட என்னை உடவே மாட்டாரு. கை மாறுனா டிசைன் கெட்டுடுமாம்."

"அப்படியா நாகேந்திரன்?"

இல்லை என்றால் வேலை போகும். ஆமாம் என்றால்... அதை யோசிக்கக்கூட அவனுக்குப் பயமாக இருந்தது.

"ஆ... ஆமா சார்."

"இதுதான் நம்ம தீபாவளி கலெக்‌ஷன்! இன்னும் இருபது பீஸ் வேணும். நீ ஆபீசுக்கே வராதே. வீட்லயே இருந்து சமை, சம்பளம் வந்துடும்."

அவர் கார் தெருமுனை திரும்பும்வரை நாகேந்திரன் கையசைத்துக்கொண்டே இருந்தான். உள்ளே திரும்பப் பயம்.

"உனக்கு எப்படிடி..."

"நேத்து காலைல நீங்க குளிச்சிகினு இருந்தப்போ உங்க சார் வழி கேட்டு போன் பண்ணாரு. கரித்துணி கதையெல்லாம் ஒண்ணு விடாம சொன்னாரு. நானும் இருப்பேன்னு சொல்லி வச்சேன்." அவள் தழும்பேறிய விரல்களை நீட்டிக் காட்டினாள். "இத்தினி வருஷமா கையைச் சுட்டுகினது நானு. ஆர்ட்டிஸ்ட்டு மட்டும் நீங்களா? மனசு ஆறலைங்க."

அவனுக்கு நிஜமாகவே வெட்கமாகப் போய்விட்டது. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தான். அதற்குள் அவள் ஒரு புது வெள்ளைத் துணியை அவன் தோளில் போட்டுவிட்டு, ஃபேனுக்கு அடியில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள்.

"நான் எங்க பூந்தமல்லி போனேன்? அக்கா குடும்பத்தையே இங்க வரச் சொல்லிட்டேன், பஸ் ஏறிட்டாங்களாம். பருப்பு டப்பாவுல கீது. பத்துப் பேருக்கு ஒல வைங்க."