சாட்டிலைட் ஏற்றிய ஐஸ்பெட்டி

மலேசியாவில், எங்கள் கோத்தா திங்கியில் வெள்ளத்தைவிட அதிகமாக என்னைக் களைக்க வைத்தவர் சாட்டிலைட்தான். எங்கள் வரிசையில் கடைசி வீடு. சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கும். கேட்க எனக்குத் தெம்பில்லை.

ஜொகூர்பாருவில் ஏதோ கம்பெனியில் வேலை. செயற்கைக்கோள் படங்களையும் மழைக் கணக்கையும் கொடுத்தால், வெள்ளமா வறட்சியா என்று செயற்கை நுண்ணறிவு முன்கூட்டியே சொல்லிவிடுமாம். எச்சரிக்கை வந்தால் அங்கே மற்றவர்கள் போனில் செய்தி தட்டிவிட்டு டீ குடிக்கப் போவார்கள். இவர் செங்கல்லோடு நேரே வீட்டுக்கு வந்துவிடுவார்.

"அண்ணே, ஐஸ்பெட்டிய ஏத்தணும். நீங்க அந்தப் பக்கம் புடிங்க."

"வெயில் கொளுத்துதே தம்பி!"

"மேலேருந்து பாக்குறவனுக்குத் தெரியாதா லா?"

முழங்கால் உயரத்துக்குச் செங்கல் அடுக்கி, குளிர்சாதனப் பெட்டியை அதன்மேல் ஏற்றுவோம். வெள்ளம் வராது. இறக்குவோம். ஒருமுறை வறட்சி என்றார். வரிசையே பீப்பாய் பீப்பாயாகத் தண்ணீர் பிடித்தது. அன்று மாலையே மழை பிய்த்துக்கொண்டு கொட்டியது.

உச்சம், கோயில் திருவிழா. திடலை அடைத்து நீலக் கூடாரம் போட்டிருந்தார்கள். செயற்கைக்கோளுக்கு அது தண்ணீராகத் தெரிந்துவிட்டது. சாட்டிலைட் மூச்சிரைக்க ஓடிவந்து, பாயசத்தை அண்டாவோடு மண்டபத்து மாடிக்கு ஏற்ற வைத்தார். பந்தியில் இருந்த நாங்கள் இலையைத் தூக்கிக்கொண்டு படியேறினோம். கோயில் தலைவர் கூடாரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"இதுதானா உன் வெள்ளம்?"

ஊரே சிரித்தது. அதற்குப் பிறகு சாட்டிலைட் யார் வீட்டுக்கும் வரவில்லை. என் இடுப்புக்கு நிம்மதி. ஆனாலும் வாசலில் பைக் சத்தம் கேட்டால் எட்டிப் பார்ப்பேன்.

மழைக்காலத்தில் ஒரு காலை, மறுபடி செங்கல்லோடு நின்றார். பழைய வேகம் இல்லை.

"அண்ணே, இந்தத் தடவ கூடாரம் இல்ல. ஆத்துக்கு மேல்பக்கம் மழை கொட்டிருச்சு. யாரும் கேக்க மாட்றாங்க. நீங்களாச்சும்..."

அவரை நம்பி ஒன்றும் நான் செய்யவில்லை. மறுத்துப் பேச அலுப்பாக இருந்ததால் ஒரு பக்கம் பிடித்தேன். அதைப் பார்த்த அடுத்த வீட்டுக்காரர் முனகிக்கொண்டே ஏற்றினார். அப்படியே வரிசை முழுக்க. சாயங்காலம் ஆற்று வெள்ளம் வீட்டுக்குள் வந்தது. செங்கல்லை நனைத்துவிட்டு நின்றுகொண்டது.

நிவாரண முகாமிலிருந்து திரும்பினால், எல்லார் ஐஸ்பெட்டியும் நன்றாக ஓடியது. சாட்டிலைட் வீட்டில் மட்டும் அது சேற்றில் குப்புறக் கிடந்தது.

"உன்னுத ஏத்தலியா தம்பி?"

"அலமாக், செங்கல் தீந்துபோச்சுண்ணே!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

இப்போது கம்பெனி அவரை மெர்சிங்குக்கு அனுப்பிவிட்டது. என் ஐஸ்பெட்டி இன்னும் செங்கல்மேல்தான் நிற்கிறது. மேல்தட்டு எட்டவில்லை என்று மனைவி தினமும் திட்டுகிறாள். இறக்கலாம்தான். அந்தப் பக்கம் பிடிக்க அவர் வரவேண்டுமே.