அத்திம்பேரின் பைனாகுலரும் கொம்பு வைத்த வாத்தும்

விலை அதிகமான சாமானை வாங்கியவன் சும்மா இருக்க மாட்டான். அது அந்த விலைக்குத் தகும் என்று இன்னொருத்தன் வாயால் கேட்கிறவரை அவனுக்குச் சோறு இறங்காது. இதில் எனக்கு ஆட்சேபம் ஒன்றும் இல்லை. அந்த இன்னொருத்தனாக என்னைப் பிடித்தான் பாருங்கள், அதுதான் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்.

'பிடித்தான்' என்று நான் மரியாதை இல்லாமல் சொல்வது என் அக்கா ஜானகியின் புருஷனை. ரமணி அத்திம்பேர். கனடாவில் வேலை. (நேரில் பவ்யமாகத்தான் பேசுவேன். இது எழுத்து, அதனால் தைரியம்.) சில வருஷங்களுக்கு முன் ஒரு குளிர்காலத்தில் இரண்டு பேரும் கல்கத்தாவில், கரியாஹாட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினார்கள். எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த சமயம். பார்த்துக்கொண்டிருந்த என்றால், பல காலமாகவே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வந்த வரனெல்லாம் என் வாயால் போயிற்று. ஒரு பெண்ணின் அப்பா என் சம்பளத்தைக் கேட்டார். நான் அவர் சம்பளத்தைத் திருப்பிக் கேட்டேன். அந்த மாதிரி.

கடைசியாக வந்தது சந்தானம் மாமாவின் பெண் நித்யா. இந்த ஒரு வரன் மட்டும் கெட்டுப்போகக் கூடாது என்று எனக்கு இருந்தது. காரணம், அவளை நான் முன்னாலேயே பார்த்திருக்கிறேன். துர்கா பூஜைப் பந்தலில், பிரசாத வரிசையில் குறுக்கே நுழைந்த ஒரு தடியனைச் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வரிசையின் கடைசியில் நிறுத்தினாள். எனக்கு அந்த நிமிஷமே பிடித்துவிட்டது. ஊரில் என்னை மாதிரி இன்னொருத்தி இருக்கிறாள்!

சிக்கல் சந்தானம் மாமா. பேங்கில் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர், பறவைப் பைத்தியம். "பஜ்ஜி, சொஜ்ஜியெல்லாம் வேண்டாம். ஞாயித்துக்கிழமை விடியக்காலம் சாந்த்ராகாச்சி ஏரிக்கு வரச் சொல்லுங்கோ. அன்னிக்கு வாத்து எண்ற நாள். பையன் பெண்ணைப் பார்க்கட்டும், நான் பையனைப் பார்க்கறேன்" என்று போனில் சொல்லிவிட்டார். அம்மா அதற்குச் சும்மா 'சரி' என்றிருக்கலாம். "எங்க ஸ்ரீதருக்கும் பட்சின்னா உயிர்" என்றாள்.

எனக்குத் தெரிந்த பட்சி இரண்டு. ஒன்று காக்காய். மற்றது காக்காய் அல்லாதது.

சனிக்கிழமை சாயங்காலம் அத்திம்பேர் என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். பெட்டியில் பனியன்களுக்கு நடுவே சுற்றி வைத்திருந்த ஒரு பைனாகுலரை எடுத்தார்.

"நாளைக்கு இதை எடுத்துண்டு போ. மாமனார் அசந்துடுவார். ஆனா ஜானகிக்கு இதோட விலை தெரியாது. ஆபீஸ்ல பரிசாக் கொடுத்தான்னு சொல்லியிருக்கேன்."

"என்ன விலை?"

சொன்னார். நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அந்தக் காசுக்கு நல்ல மோட்டார் சைக்கிளே வாங்கலாம்.

"பட்சி பார்க்கவா இவ்வளவு?"

"பட்சியாவது! மான்."

"மானைப் பார்க்கறதுக்கா?"

"பார்த்துட்டு..." என்று சொல்லி, ஆள்காட்டி விரலை மடக்கிக் காட்டினார்.

வெள்ளிக்கிழமை சமையலில் வெங்காயம் சேர்க்காத குடும்பம் எங்களுடையது. நான் வாயைப் பிளந்தேன்.

"கத்தாதே. அங்கே லைசென்ஸ் உண்டு, சட்டப்படிதான். சீசன் வந்தா ஆபீஸே கிளம்பும். உங்கக்கா நான் மலையேறப் போறேன்னு நினைச்சுண்டிருக்கா."

பிறகு ஆரம்பித்தார் பாருங்கள், பிரசங்கம். விடிகிற நேரத்துக் கால்மணிதான் வேட்டையில் முக்கியமாம். மலிவுக் கண்ணாடியில் அப்போது புதரும் மானும் ஒரே சாம்பல் மூட்டையாகத் தெரியுமாம். நல்ல கண்ணாடியில் கொம்பைக்கூட எண்ணலாமாம். ஆண் எது, பெண் எது என்று தெரியாமல் சுட்டுவிட்டால் அபராதமாம். மணிக்கணக்கில் பார்த்தாலும் கண் வலிக்காதாம். "அந்தக் கால்மணி வெளிச்சத்துக்குத்தாண்டா காசு. ஆனாலும் மனசு அரிக்கறது. இந்த விலைக்குத் தகுமா, தகாதா? நீ பார்த்துட்டு உண்மையைச் சொல்லு. மூஞ்சிக்கு நேரே சொல்ற வியாதி உனக்குத்தானே இருக்கு."

எனக்கு ஒரு யோசனை உதித்தது. (என் யோசனைகளை உதிக்கும்போதே யாராவது கழுத்தை நெரித்திருக்கலாம்.) பறவைகளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் இந்தப் பிரசங்கம் முழுக்க மனப்பாடம் ஆகிவிட்டது. 'மான்' வருகிற இடத்தில் 'வாத்து' போட்டால் முடிந்தது. ராத்திரி குளியலறையில் ஒத்திகைகூடப் பார்த்தேன். அருமையாக வந்தது.

அம்மாவுக்கு முழங்கால் வலி. துணைக்கு அக்கா வந்தாள். சால்வைக்குள் தூங்கிக்கொண்டே காரில் பாலத்தைத் தாண்டினாள். சாந்த்ராகாச்சியில் ஒரே பனி. ரயில் நிலையத்தின் கூவல் கேட்கிறது, ரயில் தெரியவில்லை. ஏரிக்கரையில் குரங்குக் குல்லாய் போட்ட ஒரு கூட்டம் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தது. அதில் ஒரு குல்லாய் சந்தானம் மாமா. கழுத்தில் பழைய பைனாகுலர். வார் அறுந்துபோய் பைஜாமா நாடா கட்டியிருந்தார். பக்கத்தில் மஃப்ளரோடு நித்யா கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள். எண்ணிக்கைக்குத் தலைவி ருமாதி என்ற வங்காளி அம்மாள். விரலை உதட்டில் வைத்தபடியே எங்களை வரவேற்றார்.

மாமா தன்னுடையதை முதலில் கொடுத்தார். பார்த்தேன். ஒரு கண்ணில் பூஞ்சை. மறு கண்ணில், கழுவாத எண்ணெய்ச் சட்டியில் வடைகள் மிதக்கிற மாதிரி ஏதோ தெரிந்தது. பிறகு அத்திம்பேருடையதைக் கண்ணில் வைத்தேன்.

உள்ளதைச் சொல்கிறேன். அந்த அரைகுறை வெளிச்சத்தில் ஒவ்வொரு வாத்தும் தனித்தனியாக இருந்தது. கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம். அலகு நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர். அது சொட்டியதும் தெரிந்தது. காக்காய் அல்லாதது இவ்வளவு அழகாக இருக்கும் என்று எனக்கு அதுவரை யாரும் சொல்லவில்லை.

மாமா கையை நீட்டினார், கொடுத்தேன். அவர் கண்ணில் வைத்தார். வைத்தது வைத்ததுதான்.

அப்போது ருமாதி வங்காளத்தில் கேட்டார்: "நானும் ஒன்று வாங்க யோசிக்கிறேன் தம்பி. இவ்வளவு விலை கொடுப்பது தகுமா?"

சரஸ்வதியே வந்து கேட்டது போலிருந்தது எனக்கு. நான் பிறந்து வளர்ந்தது இந்த ஊர். வங்காளம் எனக்குத் தமிழைவிடச் சரளமாக வரும். அதுதான் வினை. நித்யா பார்க்கிறாள் என்ற தெம்பில் முதலில் விலையைச் சொன்னேன். கூட்டம் 'ஆ' என்றது. உடனே பிரசங்கத்தை எடுத்து விட்டேன். விடிகிற கால்மணி, சாம்பல் மூட்டை எல்லாம் நன்றாகப் போயிற்று. சிலர் தலைகூட ஆட்டினார்கள்.

"நல்ல கண்ணாடியாக இருந்தால், இவ்வளவு தூரத்திலிருந்தே கொம்பைக்கூட எண்ணலாம்" என்றேன்.

தலைகள் நின்றன.

"எதோட கொம்பை?" என்றார் சந்தானம் மாமா, பைனாகுலரை எடுக்காமலே.

"வாத்தோட."

நித்யா மஃப்ளரை வாயில் திணித்துக்கொண்டாள். மூளையுள்ளவன் அங்கே நிறுத்தியிருப்பான். எனக்கு நிறுத்துகிற பழக்கம் இல்லை. கொம்பை மறக்கடிக்க வேண்டும் என்று அடுத்த வாக்கியத்துக்குத் தாவினேன். "முக்கியமாக, ஆணா பெண்ணா என்று தெரியும். தெரியாமல் சுட்டுவிட்டால் அபராதம்."

ஏரிக்கரையில் இருந்த குல்லாய்கள் அத்தனையும் என் பக்கம் திரும்பின. பிறகு ருமாதி நெஞ்சில் கை வைத்தார்.

"ஓ மா! லோக்டா ஷிகாரி!"

ஆள் வேட்டைக்காரன் என்று அர்த்தம். 'ஷிகாரி, ஷிகாரி' என்று குல்லாய்க்குக் குல்லாய் அது பரவியது. வனத்துறைக்குப் போன் போடச் சொல்லி ஒருத்தர் யோசனை சொன்னார். ஒரு கிழவர் என் பையை எட்டிப் பார்த்தார், துப்பாக்கி இருக்கிறதா என்று. உள்ளே அம்மா கட்டிக்கொடுத்த இட்லிதான் இருந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் வந்தால் என் குரலுக்கு அளவு கிடையாது.

"நான் ஷிகாரி இல்லை!" என்று கத்தினேன். "அது என்னுது இல்லை! எங்க அத்திம்பேருது! மான் சுடறது அவர்!"

ஏரி எழுந்தது. ஏரி எழுந்தது என்றுதான் சொல்ல வேண்டும். இருந்த வாத்து அத்தனையும் ஒரே சமயத்தில் விசிலடித்துக்கொண்டு கிளம்பி, பனியைக் கிழித்துக்கொண்டு எங்கள் தலைக்கு மேல் சுற்றின. விடிவதற்கு முன்னாலிருந்து எண்ணிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் தலையில் கை வைத்தார்கள். ருமாதி அழாத குறை. எல்லாரும் என்னைத் திட்டினார்கள். சந்தானம் மாமா மட்டும் பைனாகுலரை வானத்துக்குத் திருப்பி, வாயைத் திறந்தபடி, "அடடா... அடடா... அடடா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

என் முதுகுக்குப் பின்னால் அக்கா நின்றிருப்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

திரும்பினேன். தூக்கம் சுத்தமாகக் கலைந்த முகம்.

"அக்கா, வந்து, மான்னு நான் சொன்னது..."

"அது தெரியும்டா. ஃப்ரீஸர்ல பொட்டலம் பொட்டலமா இருக்கறது பன்னீர்னு நான் நம்பிட்டேன்னு அவர் நினைச்சுண்டிருக்கார். நினைக்கட்டும்னு விட்டிருக்கேன். நீ அதுக்கு முன்னாடி ஒண்ணு சொன்னியே. என்ன விலைன்னு சொன்னே?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. அக்கா போனை எடுத்து வீட்டுக்குப் போட்டாள். அத்திம்பேர் அப்போதுதான் காபியில் வாய் வைத்திருப்பார். அக்கா பேசியதை இங்கே எழுத முடியாது. பரிசு, ஆபீஸ், மோட்டார் சைக்கிள் என்ற சொற்கள் அடிக்கடி வந்தன. மான் ஒரு தடவைகூட வரவில்லை.

என்னைக் கூட்டத்திலிருந்து விலக்கி, தூரத்து டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். இந்த வரனும் போயிற்று என்று மண் குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நித்யா இன்னொரு குவளையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உங்களுக்குப் பட்சியைப் பத்தி ஒண்ணும் தெரியாது, இல்லியா?"

"தெரியாது."

"நிஜமா? கொஞ்சம்கூட?"

"காக்காய் தெரியும்."

"அப்பாடா!" என்றாள். இவ்வளவு நிம்மதியாக ஒருத்தர் மூச்சு விட்டு நான் பார்த்ததில்லை. "உங்கம்மா சொன்னதைக் கேட்டு ரெண்டு நாளா எனக்குப் பயம். வீட்ல ஒருத்தர் போதும். ரெண்டாவதும் வந்தா, ஆயுசுக்கும் ஞாயித்துக்கிழமை தூங்க முடியாது."

எனக்கும் அப்பாடா என்றிருந்தது. ஆனால் அவள் அப்பா இருக்கிறாரே. மானைச் சுடுகிற வீட்டில் பெண் கொடுப்பாரா? நாங்கள் திரும்பிப் பார்த்தோம். அக்கா அவரிடம் பேசிக்கொண்டிருந்தாள். கை நீட்டி பைனாகுலரைக் கேட்டாள். அவர் ஒரு அடி பின்னால் போனார். அவள் மறுபடி கேட்டாள். அவர் இன்னொரு அடி போனார். பின்னால் தண்ணீர்.

அக்கா கையை இறக்கிக்கொண்டாள். "சரி, நீங்களே வெச்சுக்கோங்கோ மாமா. இது மறுபடியும் என் வீட்டுக்குள்ள வரப்படாது. அவ்வளவு காசைக் கொட்டினதுக்கு உருப்படியா ஒண்ணு நடக்கட்டும். தம்பிக்குக் கல்யாணமாவது ஆகட்டும்."

சந்தானம் மாமா நெடுநேரம் யோசித்தார். கொள்கை ஒரு பக்கம் இழுத்திருக்க வேண்டும். வாத்துகள் ஒவ்வொன்றாக இறங்க ஆரம்பித்தன. அவர் கண்ணாடியைக் கண்ணில் வைத்துக்கொண்டு சொன்னார்: "இனிமே இது எதையும் சுடறதுக்கு உதவாது. அதுவே ஒரு புண்ணியம். ஆனா ஒரு நிபந்தனை. ஏரிக்கரையில மாப்பிள்ளை வாயைத் திறக்கப்படாது."

தையில் கல்யாணம் நடந்தது. நிபந்தனை இன்றும் அமலில் இருக்கிறது. நான் காரில்தான் உட்காருகிறேன், தூங்குகிறேன், எனக்கு நிம்மதி. அத்திம்பேர் வேட்டையை விடவில்லை. மலிவாக ஒன்று வாங்கிக்கொண்டு போகிறார், எதுவும் அகப்படுவதில்லையாம். கனடா மான்களுக்கும் நிம்மதி.

எங்கள் இருவர் வீட்டிலும் எந்த விசேஷம் வந்தாலும் இந்தக் கதை ஓடும். நாடெல்லாம் பெண் வீட்டில் வரதட்சணை கேட்கும்போது, மாப்பிள்ளை வீட்டார் மோட்டார் சைக்கிள் விலைக்குச் சீர் செய்த ஒரே கல்யாணம் இதுதான் என்று அக்கா ஆரம்பிப்பாள். எனக்கும் நித்யாவுக்கும் சண்டை வரும் நாளில் (இரண்டு பேருக்கும் வாய், சண்டைக்குப் பஞ்சமா?) அவள் நேரே அப்பாவிடம் போய் நிற்பாள்.

"ரெண்டு கண்ணாடித் துண்டுக்காக என்னை இந்த ஆள் தலையில கட்டிட்டியேப்பா!"

மாமனார் பால்கனியில் நின்றபடி, பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்காமல், மனப்பூர்வமான வருத்தத்தோடு பதில் சொல்வார்.

"என்னம்மா பண்றது? ரொம்ப நல்ல கண்ணாடிம்மா."